துடைப்பக்காரர் வீட்டுக் குரல்

ஒவ்வொரு துடைப்பத்தையும் வண்டியில் மாட்டுவதற்கு முன்னால், கட்டைப் பிடித்துத் தலைகீழாக ஓர் உதறு உதறுகிறார் துடைப்பக்காரர். ஒரு குச்சி உதிர்ந்தாலும் சரி, அது அன்றைக்கு வண்டி ஏறாது. "வித்துட்டு ஓடறவன் எதையும் ஏத்தலாம். நாளைக்கும் அதே தெருவுல மூஞ்சியைக் காட்டணுமே நான்" என்பார்.

வண்டியின் நெற்றியில் ஓர் ஒலிபெருக்கி. அதில் கூவுவது அவர் இல்லை, வீட்டுக்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அவள் சொன்னதை அவரே போனில் பிடித்தார். "துடைப்பம், வாளி, மிதியடி... எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தது. ஒரு வருஷம் உழைக்கும். உழைக்கலேன்னா என்னை வந்து கேளுங்க." முடிவில், தான் பேசியதற்குத் தானே ஒரு சிரிப்பு. ஒலிபெருக்கி மாட்டிக் கொடுத்தவர் அந்தச் சிரிப்பை வெட்டிவிடலாம் என்றார். வெட்டினால் வண்டியையே நீ வைத்துக்கொள் என்றுவிட்டார் இவர்.

மறு வருஷம் அவளுக்குத் தொண்டையில் வியாதி. ஆபரேஷனில் உயிரைத் திருப்பிக் கொடுத்துக் குரலை எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு தட்டு தட்டினால் சாப்பிட வா என்று அர்த்தம், இரண்டு தட்டினால் எங்கே தொலைந்தாய் என்று. திட்டுவதற்குத் தட்டும் கரண்டியும். அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அவள் மனசு நோகுமே என்று தன் தெருவில் அவர் ஒலிபெருக்கியைத் தொடுவதே இல்லை. ஆள் நடமாட்டமில்லாத ஏதாவது சந்தில் நிறுத்தி, வாங்க ஒருத்தரும் இல்லாவிட்டாலும் இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டுக்கொள்வார்.

ஒரு நாள் நாலு தெரு தள்ளி அதே குரல், அதே சிரிப்பு. கால் தானாக ஓடியது. போய்ப் பார்த்தால், யாரோ ஒருவனுடைய மூன்று சக்கர வண்டி. கை பட்டாலே கொட்டுகிற துடைப்பங்கள். கேட்டதற்கு அவன், "காத்துல வர்ற சத்தம்ணே, யார் வேணா பிடிச்சுக்கலாம்" என்றான். அதற்கப்புறம் உடைந்த துடைப்பங்களோடு பெண்கள் இவர் வண்டியை மறித்தார்கள். விற்றது இவர் இல்லை, ஆனாலும் சொன்னது அவள் ஆயிற்றே. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.

வக்கீல் குமாஸ்தா விஷயத்தை உடைத்துச் சொன்னார். "வண்டி எப்படி உங்களுதோ, அந்தப் பதிவும் அப்படித்தான். கேக்காம எடுத்து யாரும் பொழைக்க முடியாது. பதிஞ்சது நீங்க, பேசினது அவங்க. நோட்டீஸ் எழுதித் தர்றேன், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, அவன் நிறுத்தித்தான் ஆகணும்."

இவர் போட்டார். அவளோ நோட்டீஸை வாங்கிச் சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் செருகினாள். கேட்கும்போதெல்லாம் அப்புறம் என்று ஒரு கையசைப்பு. பத்து நாள் போயிற்று.

சக்கரம் கழன்று அவர் வீட்டோடு கிடந்த அன்றுதான் காரணம் தெரிந்தது. பதினோரு மணிக்கு அந்த மூன்று சக்கர வண்டி இவர்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. அதற்கு முன்பே அவள் ஜன்னலில் நின்றாள். கம்பியைப் பிடித்தபடி, ஒலிபெருக்கியோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பிசகவில்லை. சிரிக்கும் இடத்தில் சிரித்தாள். தினமும் இதற்குத்தான் நின்றிருக்கிறாள். அவர் கதவோரத்திலேயே ஒதுங்கிவிட்டார்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் பாதி உதிர்ந்த துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள். வண்டிக்காரனை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தே கத்தினாள்: "ஒரு வருஷம் உழைக்குமாம்! வாய் கூசாம சொல்றா பாரு, பொய்க்காரி."

ஜன்னலில் உதடு நின்றது.

அவள் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நோட்டீஸை உருவி, ஜன்னல் கட்டையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழிக்காதது ஆச்சரியம். அவர் கையில் திணித்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

இனிமேல் பதினோரு மணிக்குத் தெருவில் ஒன்றும் வராது. அது அவருக்கும் உறைத்தது. "நம்ம ஸ்பீக்கரை உள்ள கொண்டாந்து போடட்டுமாம்மா?" என்று கட்டிலருகே வந்தார்.

அவள் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொள்கிறவள் மாதிரி ஒரு தடவை விழுங்கினாள். பிறகு துடைப்பம் என்று தொடங்கி வாளி, மிதியடி என்று உதட்டை அசைத்தாள். காற்று மட்டும் வந்தது.

அவர் குனிந்து, அவள் வாயோரம் காதை வைத்துக்கொண்டார்.