வேண்டாம் என்று ஜெம்மாதான் சொல்ல வேண்டும்

ரோஸான் பெட்ருச்சி எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவள் இல்லை. லாங் ஐலண்டில் அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அவள் மட்டும் பாத்திரங்களை நகர்த்திக்கொண்டிருப்பாள். படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் துணிக்கடையில் நின்றாள். பிறகு ஊர்த் தொடக்கப் பள்ளியின் சமையலறையில் சேர்ந்தாள். பழைய தேதிப் பால் முன்வரிசையில், புதுத் தேதிப் பால் பின்னால், எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எதிலும் அவளுக்குத் தவறு நேர்ந்ததில்லை. குரலை உயர்த்தும் அவசியமும் வரவில்லை, மகள் ஜெம்மா அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் மாநிலத் தேர்வு எழுத உட்காரும்வரை.

அன்று சமையலறைக்கு ஆள் ஓடி வந்தது. ஜெம்மா வினாத்தாள் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாளாம். ரோஸான் ஏப்ரனோடு ஓடினாள். குழந்தை நனைந்த சட்டையோடு சுவரோரம் நின்றது. ஆசிரியை கையுறை மாட்டிக்கொண்டு அந்தத் தாளைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். என்ன ஆனாலும் அதைத் தூக்கி எறியக் கூடாது, மாநிலத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி.

"மொதல்ல பேப்பரா, மொதல்ல என் புள்ளயா?" என்று கேட்டாள் ரோஸான்.

"என்னை என்ன செய்யச் சொல்றீங்க?" என்ற அந்த ஆசிரியையின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அடுத்த வருடம் மாநிலத் தேர்வை மறுத்து ஊரில் பலர் வீட்டு வாசல் புல்வெளியில் 'எங்கள் பிள்ளை எழுத மாட்டான்' என்று பலகை நட்டார்கள். ரோஸானும் நட்டாள். அதோடு நிற்காமல் பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தாள். ஆளுக்கு மூன்று நிமிடம். குழாய் வேலை செய்யும் அவள் அண்ணன் சால் தன் வண்டியில் அழைத்துப் போனான். தேர்வு வேண்டாம் என்று அவள் மூன்று நிமிடமும் உரக்கவே பேசினாள். சால் பக்கத்து நாற்காலிக்காரரை இடித்தான்.

"என் தங்கச்சிங்க. கல்யாணத்துல 'சம்மதம்'னு சொல்லவே பாதிரியார் ரெண்டு தடவ கேட்டாரு. இவளா இதுன்னு இருக்கு!"

கூட்டம் கைதட்டியது. ஆனால் தலைமை ஆசிரியர் ஹார்ட்டிகன், மகள் தேர்வு எழுத மாட்டாள் என்று அவள் எழுதிய மறுப்புக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேறு கதை சொன்னார்.

"கடிதம் சரி ரோஸான். ஆனா தாளை எல்லார் முன்னாடியும் வைப்போம். வேண்டாம்னு ஜெம்மாதான் சொல்லணும்."

"அவளுக்கு ஒம்போது வயசு சார். பஸ்ல மியூசியம் கூட்டிட்டுப் போக என் கையெழுத்து வேணும். இதுக்கு மட்டும் என் வார்த்தை போதாதா?"

"நான் போட்ட விதி இல்லையே."

"அப்ப அன்னிக்கி லீவு."

"திரும்பி வர்ற அன்னிக்கி எழுத வைப்போம். அதுவும் விதி."

வீட்டில் ஒத்திகை நடந்தது. ரோஸான் ஆசிரியையாக நின்று, சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளை ஜெம்மா முன் வைப்பாள். "வேண்டாம், ஸாரி" என்பாள் ஜெம்மா.

"ஸாரி எதுக்குடி?"

"பாவம்மா அவங்க."

ஏப்ரலில் மூன்று நாள் ஆங்கிலத் தேர்வின் முதல் நாள் முடிந்து பிள்ளைகள் சாப்பாட்டு வரிசைக்கு வந்தார்கள். தட்டு நீட்டிய ஜெம்மாவின் உள்ளங்கை ஓரம் பென்சில் கரி. ரோஸானின் கரண்டி நின்றுபோனது.

"எழுதினியா?"

"எங்க டீச்சர் மிஸஸ் லெவின் என் மொகத்தப் பாக்காமலே தாளை வெச்சாங்கம்மா. எங்க மார்க்க வெச்சுத்தான் அவங்களுக்கும் மார்க்காம், நாங்க எழுதலேன்னா அவங்க வேலையே போயிடும்னு எங்க க்ளாஸ் கானர் சொன்னான்."

பின்னால் நின்ற பையன், "சிக்கன் நக்கெட் வருமா வராதா?" என்றான்.

ரோஸானுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இதே மிஸஸ் லெவின்தான் போன வாரம் கார் நிறுத்துமிடத்தில் அவள் கையைப் பிடித்து, "நீங்க பேசினது எங்களுக்கும் சேர்த்துத்தான். நாங்க வாயத் தொறக்க முடியாது" என்றவள். அம்மா வேண்டாம் என்கிறாள், ஆசிரியைக்கும் பிடிக்கவில்லை, பிள்ளை போன வருடம் வாந்தியே எடுத்தாள். இருந்தும் தாள் எழுதப்பட்டுவிட்டது.

மறுநாள் காலை ஏப்ரனோடு மாடிக்கு ஏறி வகுப்பு வாசலில் நின்றாள். 'தேர்வு நடக்கிறது, உள்ளே வராதீர்கள்' என்ற அட்டை தொங்கியது. மிஸஸ் லெவின் தாள்களை வைத்துக்கொண்டே வந்தாள்.

"என் பொண்ணுக்கு வேண்டாம்," என்றாள் ரோஸான்.

"அவதான் சொல்லணும் ரோஸான்." மிஸஸ் லெவின் நிமிரவில்லை.

ஜெம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கம்மா சொல்லிட்டாங்களே மிஸஸ் லெவின். எனக்கும் வேண்டாம். ஸாரி."

மிஸஸ் லெவின் தாளை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். எப்போது சொல்வாள் என்று காத்திருந்தவள் போல.

மறுத்த பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் எடுக்கக்கூட அனுமதி இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மதியம் வந்த ஜெம்மா, "எழுதறதே தேவலாம்மா. பென்சிலையாவது உருட்டலாம்," என்றாள். ஆனாலும் மூன்றாம் நாளும் எழுதவில்லை.

தேர்வு நேரத்தில் வகுப்பு வாசலுக்குப் போனதற்காக ரோஸானுக்கு எச்சரிக்கை வந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடை முடிந்து பள்ளி திறந்ததும் ஹார்ட்டிகன் கூப்பிட்டனுப்பியதுதான் பெரிது.

"ஜெம்மா ஆங்கிலத்துல கடைசி நிலை வாங்கியிருக்கா. வாரம் மூணு நாள் கூடுதல் வகுப்பு போட்டிருக்கோம்."

"அவ மறுத்தாளே!"

"முதல் நாள் எழுதிட்டாளே. எழுத ஆரம்பிச்சா முழுத் தேர்வாத்தான் எடுத்துப்பாங்க. மத்த ரெண்டு நாளுக்கும் பூஜ்யம்."

"சார், படுக்கையில கிடந்து புத்தகம் படிக்கிற பொண்ணு சார் அது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே."

"கூடுதல் வகுப்பு எந்த நேரத்துல?"

அவர் கால அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். கிளாரினெட் வாசிக்கும் வகுப்பு நேரத்தில். வயிற்றுவலி என்று சொல்லாமல் இரண்டு வருடமாக ஜெம்மா போகும் ஒரே வகுப்பு அதுதான்.

ரோஸான் கீழே இறங்கி வந்து பால் பெட்டிகளை அடுக்கினாள். பழையது முன்னால், புதியது பின்னால். அடுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சாலுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, செவ்வாக்கிழம கூட்டத்துக்கு வண்டி எடுக்கறியா? இன்னொரு மூணு நிமிஷம் இருக்கு."

"போன தடவதான் பேசி கைதட்டல்லாம் வாங்கிட்டியேம்மா. திரும்பவுமா?"

"கைதட்டி என்ன ஆச்சு?" என்றாள் ரோஸான்.