பெயர் எழுதாத முதல் கார்டு

"மட்டாஞ்சேரி, சரி. அதுக்கு முந்தி நீங்க எந்த ஊரு?"

என் பெரியத்தா மகள் ஜுமானாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, நான் நீட்டிய சாயா கிளாஸை வாங்கிக்கொண்டே கேட்டார். அவர்கள் பாலக்காட்டு ராவுத்தர்கள். தங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து எப்போது பாலக்காட்டுக்கு வந்தார்கள் என்பதை அதற்குள் சொல்லி முடித்திருந்தார். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெரியத்தா எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியத்தா என் அத்தாவின் அண்ணன், பெயர் கமாலுதீன். வயது அறுபத்தைந்து. நாற்பது வருஷமாகப் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறார். சரக்கும் ஏற்றுவார், ஆனால் அவரை எல்லோருக்கும் தெரிந்தது வீடு மாற்றுவதில்தான். குஜராத்தி ரோட்டில் மூன்றாம் மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கிய தேக்கு அலமாரி இப்போது திருப்பூணித்துறையில் யார் வீட்டில் நிற்கிறது என்று கேட்டால் சொல்வார். கூவப்பாடத்தில் எந்த வீட்டு வாசலில் கட்டில் நுழையாது, எந்தப் படி வழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லக்கூடியவருக்குத் தன் அத்தா எங்கிருந்து வந்தார் என்பது மட்டும் தெரியாது.

என் தாத்தா காதர் மைதீன் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சாயாக்கடையில் வேலை பார்த்தார். மூட்டை இறக்குகிறவர்கள் சுக்குத் தூள் படிந்த கையோடு வந்து நிற்பார்களாம். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிலும் சுக்கு மணக்கும் என்று பெரியத்தா சொல்வார். வருஷத்துக்கு ஒரு தடவை தாத்தா "ஊருக்குப் போறேன்" என்று கிளம்புவார். வரும்போது ஓலைக் கொட்டானில் சில்லுக்கருப்பட்டி கொண்டுவருவார். ஒரு தடவை ஆறு வயசுப் பெரியத்தாவையும் கூட்டிப் போனார். பெரியத்தாவுக்கு அதில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு மலை, சட்டையைப் பறிக்கிற காற்று, ஒரு வீட்டின் மூன்று படிகள். மூன்றாவது படி உடைந்திருந்தது. அதைத் தாண்ட முடியாமல் நின்றவரை ஒரு பெண் தூக்கி உள்ளே விட்டார். அவர் யார் என்று தெரியாது.

என் அத்தா பிறந்தபோது பாட்டி இறந்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து, பெரியத்தாவின் ஒன்பதாவது வயதில், தாத்தாவும் காய்ச்சலில் போய்விட்டார். சாயாக்கடை முதலாளி ஒச்சப்பன், மதுரைப் பக்கத்துக்காரர், உறவுக்காரர்களுக்குத் தகவல் சொல்ல எல்லோரிடமும் விசாரித்திருக்கிறார். யாருக்கும் ஊர்ப்பெயர் தெரியவில்லை. தாத்தா எப்போதும் "ஊர்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். ஒச்சப்பனும் தன் ஊரை அப்படித்தான் சொல்வாராம். அதனால் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பிள்ளைகளையும் அவரே வளர்த்தார்.

எங்களவர்கள் கல்யாணக் கார்டு அடித்து வந்ததும் முதல் கார்டை அத்தா வழிப் பங்காளிகளில் மூத்தவருக்குத்தான் எழுதுவார்கள். நிக்காஹ் சபையில் அவர் பெண்ணின் அத்தா பக்கத்தில் உட்காருவார். பெரியத்தாவின் மூத்த மகள்கள் இருவரின் கல்யாணத்திலும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டு தடவையும் ஒரு கார்டைப் பெயர் எழுதாமல் எடுத்து, அலமாரியில் ஆட்டோவின் ஆர்சி புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். ஜுமானாவுக்கும் நிச்சயமாகிக் கார்டு வந்த அன்று மூன்றாவதையும் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"இது கடைசிக் கல்யாணம், புள்ள. இந்தக் கார்டும் அலமாரிக்குப் போயிரக்கூடாது. நீ போன்ல எல்லாம் நோக்குவியே, இதையும் ஒண்ணு நோக்கு."

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் எல்லோரையும் தொந்தரவு செய்துகொண்டிருந்த நேரம். அன்றே ஆரம்பித்துவிட்டேன். ரேஷன் கார்டு, அத்தாவின் பள்ளி சர்டிபிகேட், பெரியத்தாவின் லைசென்ஸ், எல்லாவற்றிலும் வீட்டுப்பெயர் ஒன்றே: வலியபுளிக்கல். கேரளத்தில் ஒரு குடும்பத்தைத் தேடுவதென்றால் வீட்டுப்பெயரில் தொடங்க வேண்டியதுதான். ஃபேஸ்புக்கில் தேடினால் 'வலியபுளிக்கல் குடும்ப சங்கமம்' என்று முந்நூறு பேர் நிற்கிற ஒரு படம் கிடைத்தது. அதை நடத்தும் நஜீம் என்பவர் தேவராவில் இருந்தார். எழுதினேன். எந்தக் கிளை என்று கேட்டார். தெரியாது என்றேன். வாருங்கள், உம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றார்.

பெரியத்தா முடிவெட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் அந்தக் கார்டும் ஒரு பேனாவும். பஸ்ஸில் தோப்பும்படிப் பாலம் தாண்டும் வரை அந்த முந்நூறு பேர் படத்தை என் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு மூக்கு தன் அத்தாவின் மூக்கு மாதிரி இருப்பதாகச் சொன்னார்.

நஜீமின் உம்மாவுக்கு எண்பத்தாறு வயது. பெரியத்தாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சாயாக்கடை காதரின்டெ மோனல்லே?" என்றார். காதரின் மகன்தான் என்று பெரியத்தா தலையாட்டினார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கை பேனாவுக்குப் போனது.

அதற்குப் பிறகு உம்மா சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். தாத்தா அவர்களுக்கு உறவு இல்லை. அவர்கள் மட்டாஞ்சேரியில் இருந்த காலத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த அறைகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தவர். பெரியத்தாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது வாத்தியார் வீட்டுப்பெயர் கேட்டிருக்கிறார். தாத்தாவின் ஊரில் அப்படி ஒன்று கிடையாது. திரும்பி வந்து கேட்டபோது, "எங்களுடையதையே எழுது" என்று உம்மாவின் கணவர் சொல்லியிருக்கிறார். அது அப்படியே என் பள்ளி சர்டிபிகேட் வரைக்கும் வந்துவிட்டது.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வீட்டுப்பெயரை நம்பிக் கூட்டி வந்தது நான்தான். நஜீமும் தரையைப் பார்த்தார். பெரியத்தாதான் முதலில் சிரித்தார்.

"அப்ப அறுபது வருஷமா வீட்டுப்பேரும் வாடகைக்குத்தான் இருந்திருக்கு."

பேனாவைப் பைக்குள் செருகிவிட்டுக் கிளம்ப எழுந்தார். அப்போது உம்மா, தன் கணவர் எழுதி வாங்காமல் யாருக்கும் அறை கொடுக்க மாட்டார் என்று முணுமுணுத்தார். நஜீம் உள்ளே போனார். இரும்பு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து ஒரு பழைய வாடகைச்சீட்டுடன் வந்தார். பழைய மலையாளக் கையெழுத்து பெரியத்தாவுக்குப் பிடிபடாததால் நான்தான் வாசித்தேன்: திருநெல்வேலி ஜில்லா, கடையநல்லூர், மீராக்கனி ராவுத்தர் மகன், இருபத்தெட்டு வயது காதர் மைதீன். கீழே தாத்தா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பெரியத்தா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. கையெழுத்தில் விரல் படாமல், அதற்குச் சற்று மேலே விரலை நகர்த்தினார். கிளம்பும்போது நஜீமுக்கு ஒரு கார்டு கொடுத்தார். "பேரு குடுத்தவங்க, நீங்களும் வரணும்." அது என் பையிலிருந்து எடுத்த வேறு கார்டு. முதல் கார்டு சட்டைப் பையிலேயே இருந்தது.

அடுத்த வாரம் தென்காசியில் ரயில் இறங்கிக் கடையநல்லூருக்குப் போனோம். மலையும் காற்றும் பெரியத்தா சொன்னபடியே இருந்தன. தெருத் தெருவாக நடந்தபோது பெரியத்தா வீடுகளைப் பார்க்கவில்லை, படிகளைப் பார்த்தார். பெரும்பாலான வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கிரானைட் படிகள், சாய்வுத் தளங்கள். பள்ளிவாசலில் விசாரித்தபோது எந்த மீராக்கனி என்று கேட்டார்கள். அந்தப் பெயரில் நான்கு குடும்பங்கள் இருந்தனவாம். இரண்டு குடும்பத்தார் இப்போது ஊரிலேயே இல்லை. அங்கிருந்த அன்சார் என்ற அண்ணன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"எங்க ஊர்க்காரங்க சென்னையிலயும் இருக்காங்க, மலேசியாவுலயும் இருக்காங்க. எழுதிக் குடும்மா, அனுப்பிப் பாப்போம்."

திரும்பும் ரயிலில் பெரியத்தா மடியில் ஒரு கொட்டான் சில்லுக்கருப்பட்டி இருந்தது. கார்டை எடுத்து 'கடையநல்லூர்' என்று எழுதினார். அதற்கு மேலே பெயருக்கு ஒரு வரி இடம் விட்டார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நிக்காஹ் ஜனவரி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கொச்சிக்கு வேலைக்குப் போன காதர் மைதீன் என்று ஒருவர் இருந்தார், வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தவர் 1969க்குப் பிறகு வரவே இல்லை என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? உடைந்த படியில் ஒரு சின்னப் பையனைத் தூக்கி விட்டதாக யாராவது சொன்னதுண்டா? காதர் மைதீன் ஏன் வரவில்லை என்று அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். மட்டாஞ்சேரி வந்து பெட்டி ஆட்டோ கமாலுதீன் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். நீங்கள் அந்தக் குடும்பம் இல்லையென்றாலும், தெரிந்த கடையநல்லூர்க்காரர் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள். அவரையும் இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.