பத்திரிகையில் இரண்டாவது பெயர்

சந்தியா என்ன வேலை பார்க்கிறாள் என்று அந்தத் தெருவில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் டைப்பிங் என்பார். இன்னொருவர் பிரிண்டர் ரிப்பேர் என்பார். எதிர்வீட்டுக்காரர் ‘ஏசி ரூம்ல உக்காந்துக்கினு இருக்கிறது’ என்பார். பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெரு ஒன்றிலிருந்து தினமும் ஆறே முக்கால் மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போய், அங்கே டேட்டாபேஸுக்குக் குவெரி எழுதுகிறவள் அவள். எந்தப் பாகம் எந்தக் கிடங்கில் கிடக்கிறது, எந்த லாரி எங்கே நிற்கிறது என்று மேனேஜர் கேட்பார். அந்தக் கேள்வியை மெஷினுக்குப் புரிகிற மாதிரி நாலு வரியில் எழுதிப் பதிலை வாங்கிக் கொடுக்க வேண்டும். எட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

டேட்டாபேஸ் என்பது ஒரு தினுசான குமாஸ்தா. கேட்டதை மட்டும் கொடுக்கும். வயது வரிசையில் கொடு என்றால் வயது வரிசையில் கொடுக்கும், அகர வரிசையில் என்றால் அகர வரிசையில். வரிசையே சொல்லாமல் விட்டால் தன் கைக்கு எப்படி வருகிறதோ அப்படி அள்ளிப் போடும். அதற்குப் பெரிய மனிதர், சின்ன மனிதர் தெரியாது. இதை மனிதர்களுக்குப் புரியவைத்துவிடலாம் என்று சந்தியா ஒரு காலத்தில் நம்பினாள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

தெருக்கோடியில் ஒரு படவேட்டம்மன் கோயில். ஆடித் திருவிழாவுக்கு அடிக்கிற பத்திரிகையில் மேலே அம்மன் படம் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. கீழே உபயதாரர் பட்டியல் இருக்கும், எல்லாருக்கும் உயிர் அதில்தான். அதிலும் முதல் பெயர். முதல் பெயர்க்காரருக்குத்தான் அம்மன் புறப்படும்போது முதல் பரிவட்டம், அதாவது பூசாரி அவர் தலையில் சுற்றிக் கட்டுகிற ஒரு சின்னத் துண்டுப் பட்டு. ஊர் முழுக்கப் பட்டு நெய்து குவிக்கிறார்கள், வீட்டுக்கு வீடு பீரோ பிதுங்குகிறது. ஆனாலும் அந்தத் துண்டுக்கு அடித்துக்கொள்வார்கள்.

இருபத்திரண்டு வருஷம் முதல் பெயராக இருந்த பழைய தலைவர் கண்ணை மூடிய பிறகு, அந்த இடத்துக்கு மூன்று பேர் முளைத்தார்கள். ஒருவர் ராமலிங்கம், வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறார், விழாக்குழுவின் புதுத் தலைவர். இன்னொருவர் ஆனந்தராஜ், ஐயம்பேட்டையில் நிலம், இங்கே கட்சிப் பொறுப்பு. காதுகுத்து பேனரானாலும் கண்ணீர் அஞ்சலி பேனரானாலும் அதே சிரிப்போடு கைகூப்பி நிற்பவர். மூன்றாமவர் ரேணுகாம்பாள், பட்டுக்கடை முதலாளியம்மா. அம்மனுக்கு வெள்ளிக்குடை செய்து கொடுத்தார், குடையில் அம்மன் பெயரைவிடத் தன் பெயரைப் பெரிதாக வெட்டச் சொன்னார்.

போன வருஷம் இந்த மூன்று பேரும் கோயில் வாசலில் பரிவட்டத்துக்காக வாதாடிய ஐம்பது நிமிஷமும், அம்மனைச் சுமந்துகொண்டு பதினாறு பேர் வெயிலில் நின்றார்கள். தூக்கிய பிறகு கீழே வைக்கக் கூடாது என்பது முறை. பல்லக்கின் முன்தண்டில் வலது பக்கம் நின்றவர் சந்தியாவின் அப்பா தினகரன், வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருஷமாக அதே தண்டு, அதே தோள். அன்று தோள் வீங்கிப்போய் மூன்று வாரம் அவரால் தறியில் உட்கார முடியவில்லை. வந்து பார்த்தவர்களில் அந்த மூவரில் ஒருவரும் கிடையாது. முப்பத்தொரு பத்திரிகையில் ஒன்றிலாவது அவர் பெயர் உண்டா என்றால் அதுவும் கிடையாது. உபயம் என்றால் ஏதாவது கொடுக்க வேண்டுமாம், தோள் கொடுப்பது அதில் சேராதாம்.

அதனால்தான் இந்த வருஷம் ராமலிங்கம் வீட்டுக்கு வந்து, “பட்டியலை கம்ப்யூட்டர்ல போட்டுக் குடும்மா. கம்ப்யூட்டர் சொன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்” என்றபோது சந்தியா உடனே தலையாட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த வருஷம் அப்பா அந்த வெயிலில் நிற்கக் கூடாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உபயதாரர் நூற்றி எண்பத்தாறு பேரையும் டேபிளில் ஏற்றினாள். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, வரிசை எதுவும் சொல்லாமல் ஒரு பிரிண்ட் எடுத்து ராமலிங்கத்திடம் கொடுத்தாள். கைக்கு முதலில் வந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து ஏற்றியதால் முதல் பெயர் அஜித் என்று வந்திருந்தது. அஜித் என்பவர் தெருமுனையில் ஐஸ் வண்டி வைத்திருப்பவர். மறுநாள் காலையிலிருந்து அந்த மனிதருக்கு வணக்கம் விழ ஆரம்பித்தது. அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஆனந்தராஜ் ஆள் விட்டு விசாரித்தார். பாவம், அஜித் பயந்துபோய் இரண்டு நாள் வண்டியே எடுக்கவில்லை.

“அது ஒண்ணும் இல்லீங்க. வரிசை கேக்கல, அதனால அது இஷ்டத்துக்கு குடுத்துது” என்று சந்தியா விளக்கினாள்.

“கம்ப்யூட்டருக்கு ஏதும்மா இஷ்டம்? நீ யாரையோ மனசுல வெச்சுக்கினு செய்ற” என்றார் ராமலிங்கம்.

சரி, எந்த வரிசை வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று மூவரையும் கேட்டாள். குழுவில் சேர்ந்த தேதிப்படி போடு என்றார் ராமலிங்கம், அப்படிப் போட்டால் அவர் முதலில் வந்தார். வகிக்கிற பொறுப்புப்படி போடு என்றார் ஆனந்தராஜ், அப்படிப் போட்டால் ஆனந்தராஜ் வந்தார். அம்மனுக்குக் கொடுத்த பொருள்படி போடு என்றார் ரேணுகாம்பாள், என்ன வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அகர வரிசையில் போடலாமா என்று பார்த்தால் மறுபடியும் அஜித் வந்து நின்றார். மூவரும் ஒற்றுமையாக வேண்டாம் என்றது அந்த ஒரு விஷயத்தில்தான். எட்டு வருஷ அனுபவத்தில் இப்படிப்பட்ட டேட்டாவை அவள் பார்த்ததே இல்லை.

தலை கிறுகிறுத்துப்போய் வசீமின் அச்சகத்துக்குப் போனாள். வசீம் புது டிஜிட்டல் மெஷின் வாங்கியிருந்தார். இருபது நிமிஷம் அவள் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஏன் மேடம் ஒரே மாதிரி அடிக்கணும்? இந்த மெஷின்ல ஒவ்வொரு காப்பியும் வேற வேற அடிக்கலாம். நீங்க லிஸ்ட் குடுத்தா போதும்.”

சந்தியாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. பத்திரிகை வீட்டுக்கு ஒன்றுதான் போகிறது. ஒவ்வொரு உறையிலும் பெயர் எழுதித்தான் கொடுக்கிறார்கள். அப்படியானால் குவெரி சின்னது: பத்திரிகை யாருக்குப் போகிறதோ அவர் பெயர் முதலில், மற்றவர்கள் அகர வரிசையில். சுவரில் ஒட்டுகிற போஸ்டரில் மட்டும் அம்மன் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பெயர்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டாள். முதல் தடவையாக அம்மனுக்கு அவ்வளவு இடம் கிடைத்தது.

மூன்று மாதிரிகள் அடித்து, காதும் காதும் வைத்தாற்போல் மூவரிடமும் தனித்தனியாகக் கொண்டுபோய்க் காட்டினாள். வசீமின் அவசரத்தில் இரண்டாவது வரியில் ‘இங்கே பெயர் வரும்’ என்றே அச்சாகியிருந்தது. திருப்பி வாங்கிப்போக நினைத்தாள், ஆனால் ராமலிங்கம் அதற்குள் முதல் வரியைப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தாம்மா” என்று மடித்துக் கொடுத்துவிட்டார். ஆனந்தராஜ் முதல் வரியைப் போனில் படம் பிடித்தார். ரேணுகாம்பாள் மூக்குக்கண்ணாடி போட்டு, முதல் வரியை இரண்டு தடவை படித்து, கண்ணாடியைக் கழற்றினார். ‘இங்கே பெயர் வரும்’ என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் சந்தியா அந்த இரண்டாவது வரியையே யோசித்துக்கொண்டு வந்தாள். அப்பா சட்டையில்லாமல் தறியில் உட்கார்ந்திருந்தார், வலது தோளில் தண்டு காய்த்துப்போன தழும்பு கறுப்பாகத் தெரிந்தது. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பைத் திறந்து, தூக்குகிற பதினாறு பேரையும் டேபிளில் சேர்த்தாள். உபயம் என்ற இடத்தில் ‘தோள்’ என்று போட்டாள். பிறகு குவெரியில் ஒரு வரி கூட்டினாள்: பத்திரிகை யாருக்குப் போனாலும் இரண்டாவது பெயர் தினகரன். அப்படியானால் மற்ற பதினைந்து பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்கள் அகர வரிசையில் நடுவில் எங்கோ கிடந்தார்கள். தன் வீட்டுத் தோளுக்குத்தான் அவளுக்கும் முதலில் வலித்தது.

பத்திரிகைகள் போய்ச் சேர்ந்த அன்றே எல்லாரும் அவரவர் பிரதியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். குட்டு உடைந்தது என்றே சந்தியா நினைத்தாள். ராமலிங்கத்திடமிருந்து போன் வந்தது.

“பாத்தியாம்மா அந்த ஆனந்தராஜ? காசு குடுத்து தனியா அடிச்சிக்கினு குரூப்ல போட்டுக்கிறான். போவட்டும் உடு, நம்ம கையில அசல் இருக்குது.”

கொஞ்ச நேரத்தில் ஆனந்தராஜும் ராமலிங்கத்தைப் பற்றி அதையே சொன்னார். ரேணுகாம்பாள் இரண்டு பேருக்காகவும் பரிதாபப்பட்டார். நூற்றி எண்பத்தாறு பேரும் தன்னுடையதுதான் அசல் என்று நம்பினார்கள், அடுத்தவன் படத்தில் முதல் வரிக்குக் கீழே யாரும் பார்க்கவில்லை. தூக்குகிறவர்களில் இரண்டு பேர் மட்டும் இரண்டாவது பெயரைக் கவனித்தார்கள். சரியாகத்தானே போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். தினகரன் தன் பிரதியைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, “அச்சாபீஸ்ல எம்பேரு தப்பா மேல ஏறிட்டுது போலக்கீது. சொல்லிடும்மா” என்றார்.

திருவிழாவன்று காலை எட்டரை மணிக்கு அம்மனைத் தூக்கினார்கள். பூசாரி பரிவட்டத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, “பத்திரிகையில மொதல் பேரு யாருதுபா?” என்று சத்தமாகக் கேட்டார்.

எல்லாவற்றையும் யோசித்த சந்தியா, இந்தக் கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்பார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மூன்று கைகள் மூன்று பத்திரிகைகளை நீட்டின. பூசாரி ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார், விழித்தார். பிறகு பழைய கதைதான். போலி என்றார் ஒருவர், போலீஸ் என்றார் இன்னொருவர், வெள்ளிக்குடையைத் திருப்பிக் கொடு என்றார் ரேணுகாம்பாள். பின்னாலிருந்து மேலும் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் பத்திரிகையையும் ஆட்டிக்கொண்டு வந்தார்கள். பத்து நிமிஷம் போயிற்று. இருபது நிமிஷம் போயிற்று. முன்தண்டில் அப்பா கால் மாற்றி நிற்பதை சந்தியா பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தான் வாயைத் திறந்தால் தெருவே தன் மேல் பாயும் என்று அவளுக்குத் தெரியும். பாயட்டும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

“பூசாரி ஐயா, மொதல் பேர உடுங்க. ரெண்டாவது பேரப் படிங்க.”

பூசாரி முதல் பத்திரிகையைப் படித்தார். “தினகரன்.” அடுத்ததைப் படித்தார். “தினகரன்.” மூன்றாவதை எடுப்பதற்குள் கூட்டத்தில் பத்திரிகைகள் சலசலத்தன. இவ்வளவு நாள் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் இப்போதுதான் இரண்டாவது வரிக்கு வந்தார்கள்.

“எல்லாத்துலயும் ஒரே பேரு. நம்ம முன்தண்டு தினகரனாபா?” என்றார் பூசாரி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்குக் கிடைக்கவில்லை என்பதைவிட மற்ற இரண்டு பேருக்கும் கிடைக்காது என்பது அவர்களுக்கு முதலில் உறைத்தது. ராமலிங்கம் முந்திக்கொண்டார்.

“நான்தாம்பா போடச் சொன்னேன். உழைக்கிறவனுக்குப் போவட்டும்னு.”

“நான் சொல்லித்தான் போட்டாங்க” என்றார் ஆனந்தராஜ். ரேணுகாம்பாள், அந்தப் பரிவட்டத் துண்டே தன் கடையிலிருந்து வந்ததுதான் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்.

பூசாரி தண்டுக்கு அடியில் குனிந்து போனார். தினகரனால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

“கட்டறதுன்னா சீக்கிரம் கட்டுபா. தோளு எரியுது” என்றார்.

கட்டினார்கள். அம்மன் நகர்ந்தது. சந்தியா முன்தண்டுக்குப் பக்கமாகவே நடந்தாள். இருபது நிமிஷக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் ராமலிங்கம் வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, “மொதல் பேரெல்லாம் வாணாம்மா, அது வெறும் வம்பு. அடுத்த வருஷம் நம்ம பேர ரெண்டாவதா போட்டுடு. யாருக்கும் தெரிய வாணாம்” என்றார். மாலையில் ஆனந்தராஜ் போன் செய்தார். ரேணுகாம்பாள் ஒரு பெட்டி மைசூர்பாகு அனுப்பி, உள்ளே ஒரு சீட்டும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பத்தொரு பேர் இரண்டாவது இடம் கேட்டுவிட்டார்கள். எல்லாரிடமும் சந்தியா ஒரே பதில் சொன்னாள்: “சரிங்க, போட்டுடறேன்.”

போட்டும்விட்டாள். குவெரியில் சின்ன மாற்றம்தான்: பத்திரிகை யாருக்குப் போகிறதோ அவர் பெயர் இரண்டாவதாக. முதல் இடத்தை இப்போது கேட்க ஆளில்லை. தூக்குகிறவர்களில் இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள், அந்த முதல் இடத்துக்கு வருஷத்துக்கு ஒருவர் என்று அவள் எழுதி வைத்தாள்.