ஏழாம் எண் கொடிக்கு ஊற்றிய தண்ணீர்

ஏழாம் எண் சீட்டு கட்டிய ரங்கூன் மல்லிக் கொடியில் முதல் பூங்கொத்து விரிந்த காலையில், நர்சரியில் எல்லோரும் கூடி நின்று ரசித்தார்கள். நான் மட்டும் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

சிரம்பானிலிருந்து செண்டாயானுக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களை வெட்டிய தோட்டத்தின் ஒரு மூலையில் இருந்தது எங்கள் நர்சரி. புதிய குடியிருப்பின் சாலையோர மேடுகளுக்குக் குழாய் போட வழியில்லை. அதிகம் தண்ணீர் கேட்காமல் வேலியில் படர்ந்து பூக்கும் கொடி வேண்டும் என்று அதைக் கட்டும் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். அதைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு சூப்பர்வைசர் அக்காவுக்கு. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இருந்து நேராக வந்துகூடக் கொடிகளை அளந்து எழுதுவார். மழை படாமல் மேலே பிளாஸ்டிக் கூரை, சுற்றிலும் வாய்க்கால், உள்ளே பத்துக் கொடிகள். ஆறு வாரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது.

நட்டவள் நான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான்காம் வாரம் இலைகள் பழுத்து உதிர்ந்து வெறும் குச்சிகள் நின்றபோது, வேரை உடைத்து நட்டுவிட்டேன் என்று என்னை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றாவது பிழைத்தால் தப்பிக்கலாம் என்று, தினமும் மற்றவர்கள் வருவதற்கு முன் என் குடிதண்ணீர்ப் போத்தலை ஏழாம் கொடியின் அடியில் கவிழ்த்தேன்.

அது பூத்தது. அக்கா படம் பிடித்து உடனே ஆபிசுக்கு அனுப்பினார். "பாத்தியா லா, இதுதான் நமக்கு வேணும்! மத்த ஒம்போதும் செத்துப் போச்சு, நாளைக்குப் புடுங்கிடலாம். இதுலேருந்து குச்சி வெட்டி மேடு முழுக்க வச்சிரலாம்."

அன்று வேலை செய்யும்போதெல்லாம், வெயில் காயும் மேட்டில் குச்சிகள் வரிசையாகக் கருகுவதும், அறிக்கையின் அடியில் அக்காவின் பெயர் இருப்பதும் கண்ணுக்குள்ளேயே நின்றன. மத்தியானம் அவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். எழுந்து கதவைச் சாத்தினார். "வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுக்கா."

அவரும் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. படம் போய்விட்டது, அவருடைய ஒப்பந்தமும் அந்த வருடத்தோடு முடிகிறது. 'அப்படியே விட்டுடலாம்' என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் கதவைத் திறந்துகொண்டு கொடிகளிடம் நடந்தார். முதல் குச்சியை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. அடுத்ததும் பச்சை. ஒன்பதில் இரண்டுதான் காய்ந்திருந்தன. அப்படியே குந்திவிட்டார்.

"சாகலடி இது. எலையக் கொட்டிட்டு உசுரப் புடிச்சிக்கிட்டு நிக்குது. நாளைக்குப் புடுங்கியிருப்பேனே!"

என் எதிரிலேயே ஆபிசுக்குப் போன் செய்தார். ஒரு கொடிக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டது, செத்துப்போனதாகச் சொல்வதற்கு முன் மற்றவற்றைத் தான் கீறிப் பார்க்கவில்லை என்றார். யார் ஊற்றியது என்று கேட்டபோது என் பெயரையும் சொன்னார். என் வேலை போகவில்லை. மண் கலக்கும் பக்கம் மாற்றினார்கள். பிழைத்த ஏழு கொடிகளும் ஆறாம் வாரக் கடைசியில் ஒரே ஒரு தடவை தண்ணீர் குடித்ததும் துளிர்த்தன. மேடுகளுக்குப் போனவை அவற்றின் குச்சிகள். அக்காவுக்கு மட்டும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

அவர் எண் என் போனில் இருந்தும், வருடக்கணக்கில் அழைக்கத் துணிவு வரவில்லை. போன மாதம் சிரம்பான் பஸ் நிலையத்தில் எதிரே வந்து நின்றார். "என்னாலதான் உங்களுக்கு வேல போச்சாக்கா?"

"அதுவும் ஒரு காரணந்தான்," என்றார், மறைக்காமல். பிறகு, "மேட்டுல கொடி இருக்கா? நான் அந்தப் பக்கமே போகல," என்று கேட்டார்.

வாங்க, பார்க்கலாம் என்று பஸ்சில் ஏறிய பிறகுதான், இரண்டு வாரமாக மழையே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் புல் கருகிக் கிடந்தது. அக்கா ஜன்னலோரம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேட்டுப் பக்கம் வளைவு திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றினார். திறந்து பார்த்தேன். வேலி நெடுகச் சிவப்புப் பூங்கொத்துகள்.