ஈஸ்வரி கட்டிய ஜிக்

எட்டுக்கு மீன் வேண்டும். அதுவும் ஆற்றுப் பாஸ் மீன்தான் வேண்டும், கடையில் வாங்கினது கூடாது என்று ஈஸ்வரி ஒரே பிடியாக நின்றாள்.

அவளுடைய புருஷன் நகுலேஸ்வரன் கனடாவில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்தவர். வேலையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. தகனமும் முடிந்தது. இனி எட்டாம் நாள் வருகிற எட்டுச்செலவு. செத்தவர் இருக்கும்போது ஆசைப்பட்டுச் சாப்பிட்டதை எல்லாம் சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைக்கிற நாள். செத்த வீட்டில் மற்ற நாளெல்லாம் மரக்கறிதான். அன்றைக்கு மட்டும் மீன், இறைச்சி என்று மச்சம் படைக்கலாம். நகுலேஸ்வரனுக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்தது, தான் பிடித்துக்கொண்டு வருகிற பாஸ் மீனில் ஈஸ்வரி வைக்கிற குழம்பு.

சாமி அறைக்குத் திரை போட்டிருந்தது. துடக்கு வீடு, தீட்டுக் கழியும்வரை விளக்கு வைக்கக் கூடாது, கோயிலுக்கும் போகக் கூடாது. முருகனிடம் போய் ஒருமுறை வாய்விட்டு அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஈஸ்வரி அந்தத் திரைக்கு வெளியிலேயே இருந்து, "அப்பனே, அவருக்கு ஒரு மீனைக் குடு" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். வேறு எதையும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இதுவரைக்கும் அவளுக்கு அழுகையும் வரவில்லை.

அவள் மீன் பிடித்தவள் அல்ல. தூண்டிலைக் கையால் தொட்டதும் இல்லை. ஆனால் அவர் தூண்டிலில் கட்டி எறிகிற ஜிக், அந்தப் பொய் இரை, அவள் கட்டியது.

கனடாவுக்கு வந்த காலம் தொட்டு ஈஸ்வரிக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. காற்சட்டைக்குச் சிப் தைக்கிற மெஷின். நகுலேஸ்வரன் மீன்பிடிக்கத் தொடங்கின புதிதில், ஒரு நாள் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். கடையில் வாங்கிய ஜிக் எல்லாம் புல்லிலும் கல்லிலும் சிக்கி அறுந்துபோய்விட்டது.

"அப்பிடி என்னதான் அது? காட்டுங்கோ பாப்பம்," என்றாள் ஈஸ்வரி.

மிஞ்சியிருந்த ஒன்றைக் காட்டினார். ஒரு ஈயத் தலை, அதிலிருந்து வளைந்து வருகிற தூண்டில் முள். தலைக்குக் கீழே றப்பர் இழைகளைக் கொத்தாகக் கட்டிய பாவாடை. முள்ளுக்கு முன்னால், வீடு கூட்டுகிற தும்புத்தடியின் மயிர் மாதிரி விறைப்பான நைலோன் தும்பு. அந்தத் தும்புதான் புல்லும் கல்லும் முள்ளில் கொழுவாமல் மறிக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு றப்பர் நண்டைக் குத்தி, தண்ணீருக்கு அடியில் மெல்லத் துள்ளவிட்டால், உயிருள்ள நண்டு என்று நினைத்து மீன் கவ்வும்.

"இதென்ன பெரிய வேலை! நான் கட்டித் தாறன்," என்றாள்.

அன்றிலிருந்து அது அவளுடைய வேலையாகிவிட்டது. அவர் தலையும் முள்ளும் வாங்கிவருவார். கல்லு நிலத்தில் உருட்ட உருண்டைத் தலை, புல்லுக்குள் நுழைய கூர்த் தலை. பனிக்காலத்தில் ரொக்ஸ்பரோவில் தங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஈஸ்வரி இழை பிரிப்பாள். மண்ணிறத்தோடு பச்சை, நடுவில் இரண்டே இரண்டு செம்மஞ்சள். ஆற்று நண்டின் காலில் அந்த நிறம் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். பாவாடையை முள்ளின் வளைவுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி வெட்டுவாள். ஊசி முனையால் கண்ணும் வைப்பாள். நகுலேஸ்வரனின் தங்கை பிரியந்தி வந்தால் சிரித்துச் சிரித்துச் சாவாள்.

"மீனுக்குப் பாவாடையும் கட்டி விடுறியள், மச்சாள். ஒரு பொட்டையும் வைச்சு விடுங்கோவன்!"

"நீ பொறாமையில சாகாதை. உனக்கும் ஒண்டு தைச்சுத் தாறன்."

தும்பு விஷயத்தில் மட்டும் ஈஸ்வரி கடைக்காரனை நம்பவில்லை. மனுஷன் மறுபடியும் முகம் தொங்கி வரக்கூடாது என்று, கடை ஜிக்கில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு தும்பை அள்ளி வைத்து ஒட்டினாள். அதற்குப் பிறகு அவர் மீனோடு வந்த நாளெல்லாம், பையை மேசையில் வைத்துவிட்டு, "உன்ர பாவாடைதான் ஈஸ்வரி. ஒண்டும் சிக்கேல்லை, ஒண்டும் அறுந்து போகேல்லை," என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே போதும், அடுத்த பனிக்காலத்துக்கும் கட்டுவாள்.

அதனால்தான், அவரோடு கூட வேலை செய்து கூட மீன்பிடித்த சாரங்கன் வந்து, "அக்கா, அண்ணையின்ர எட்டுக்கு நான் ஒரு மீன் பிடிச்சுக்கொண்டு வாறன்," என்றபோது ஈஸ்வரி உடனே எழும்பிப் போய் அவருடைய பெட்டியைத் திறந்தாள்.

"என்ர ஜிக்கில பிடி, தம்பி. அவர் எல்லாம் இதிலதானே பிடிச்சவர்."

சாரங்கன் பெட்டியைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். "பாப்பம் அக்கா," என்றான்.

அவன் அப்படி இழுத்துச் சொன்னது ஈஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. "நானும் வாறன்," என்றாள்.

பிரியந்தி வாயில் கை வைத்தாள். "என்ன மச்சாள் கதைக்கிறியள்? துடக்கோட ஆத்தங்கரைக்குப் போறதோ? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

"அவர் மீன் பிடிக்கிற சென்ட்-ஆன்ல எங்கட சனம் ஆர் நிக்கப் போகுது? சாம்பல் கரைக்கவும் ஆத்துக்குத்தானே போனனாங்கள், பிள்ளை. இது அவற்ர சாப்பாட்டுக்கு."

எட்டு அன்று விடிய சாரங்கனின் காரில் போனார்கள். இந்த ஊரில் எல்லாரும் ஒரே நாளில் வீடு மாறுவார்கள், அந்த நாள் கழிந்த கிழமை. வழியெல்லாம் தெருவோரத்தில் பழைய மெத்தையும் சோபாவும் கிடந்தன. ஆருடையதோ ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசை, நாலு கதிரையோடு, மழையில் நனைந்து நின்றது. ஈஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் சுழித்து ஓடிப்போய், கொஞ்சம் தள்ளிப் புல்லுக்குள் அமைதியாகும். நகுலேஸ்வரனின் இடம் அதுதான். ஒரு தட்டைக் கல்லைக் காட்டி, "அண்ணை இதில நிக்கிறவர்," என்றான் சாரங்கன். ஈஸ்வரி அந்தக் கல்லில் ஏறவில்லை. பக்கத்தில் நின்றாள்.

புல்லு நிலம் என்பதால் கூர்த் தலை உள்ளதை அவளே தெரிந்தெடுத்துக் கொடுத்தாள். சாரங்கன் கட்டி எறிந்தான். ஜிக் தாழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் நூல் டக்கென்று ஒரு பக்கம் நகர்ந்தது.

"கடிக்குது!" என்றாள் ஈஸ்வரி.

சாரங்கன் தடியை வெட்டி இழுத்தான். நூல் தளர்ந்து வந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி எறிந்தான். மறுபடியும் மீன் கவ்வியது, இழுத்தான், வெறுமையாக வந்தது. மூன்றாம் தரமும் அதே கதை. அவன் தன் பையைத் திறந்து, கடையில் வாங்கிய ஜிக் ஒன்றை எடுத்தான்.

"ஏன் மாத்துறாய்?"

"சும்மா அக்கா. ஒருக்கா இதையும் எறிஞ்சு பாப்பம்."

"தம்பி, என்ர முகத்தைப் பார். அவர் எதில பிடிச்சவர்?"

சாரங்கன் பார்க்கவில்லை. கையிலிருந்த ஜிக்கைத் திருப்பித் திருப்பிக்கொண்டு நின்றான்.

"அண்ணை முதல் எறி எப்பவும் உங்கட ஜிக்கிலதான் எறிவர், அக்கா. தேங்காய் உடைச்சுப் போட்டு வேலை தொடங்கிற மாதிரி. ஒரு எறி. பேந்து அதைக் கழட்டித் துடைச்சுப் பெட்டியில வைச்சிட்டு, இதைக் கட்டுவர்."

"ஏன்?"

"தும்பு கூடிப்போச்சு, அக்கா. புல்லுச் சிக்காது, உண்மைதான். ஆனா மீன் கவ்வினாலும் தும்பு மடியாது, முள்ளு ஏறாது. நானும் கேட்டனான், அக்காட்டைச் சொன்னால் குறைச்சு வைப்பா தானே எண்டு. 'அவள் பகல் முழுக்க மெஷினோட நிண்டிட்டு வந்து கட்டுறாள், வாயை மூடடா' எண்டவர்."

ஆற்றின் நடுவில் ஒரு படகு போனது. அதிலிருந்தவர்கள் கையைக் காட்டி "போன்ஜூர்!" என்றார்கள். சாரங்கன் மட்டும் கையை உயர்த்தினான்.

ஈஸ்வரி கைப்பையைத் திறந்தாள். தொழிற்சாலையில் நூல் நறுக்குகிற சின்னக் கத்தரி எப்போதும் அதற்குள் கிடக்கும். தன் ஜிக்கை வாங்கித் தும்பை விரலால் விரித்தாள். அடியோடு ஒட்டி, ஒன்றுவிட்டு ஒன்றாக நறுக்கினாள். விரலால் அழுத்திப் பார்த்தாள், இன்னும் விறைப்பு. மேலும் கொஞ்சம் எடுத்தாள். மிஞ்சினதை இரண்டு பக்கமாக விரித்து, நுனியையும் கொஞ்சம் கட்டையாக்கினாள். இப்போது விரல் பட்டதும் தும்பு மடிந்து முள்ளுக்கு வழிவிட்டது. ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"எறி," என்றாள்.

சாரங்கன் எறிந்தான். இந்தமுறை நூல் நகர்ந்து, அவன் வெட்டி இழுத்ததும் தடி வில்லாக வளைந்தது. மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே பாய்ந்து, தலையை உதறி, மறுபடி விழுந்தது. கரைக்கு இழுத்து எடுத்தபோது ஈஸ்வரியின் ஜிக் அதன் வாயில், மேல் சொண்டில் ஆழமாக ஏறியிருந்தது. மண்ணிறமும் பச்சையும், நடுவில் இரண்டு செம்மஞ்சள் இழை.

"நல்ல மீன், அக்கா!" சாரங்கனுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

ஈஸ்வரி சிரிக்கவில்லை. இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று அவளுடைய நெஞ்சு அடித்துக்கொண்டது. தும்பு கூடிப்போச்சு என்று ஒரு சொல். இத்தனை பனிக்காலத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அவள் கோபித்தா இருப்பாள்? பிறகு அவளுக்கு இன்னொன்று நினைவு வந்தது. விழுந்த கிழமைக்கு முந்தின கிழமை அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தார். கேட்டதற்கு, "வாயு" என்றார். அவள் இஞ்சி இடித்துப் போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "இப்ப சுகம், உன்ர கைமருந்துதான்," என்றார். அதே குரல். மீன் பையை மேசையில் வைக்கிறபோது சொல்கிற அதே குரல்.

"தம்பி," என்றாள். "நெஞ்சு நோவு எண்டு உனக்குச் சொன்னவரோ?"

சாரங்கன் மீனைப் பிடித்தபடியே குந்திவிட்டான். "ஓம் அக்கா," என்றான் அழுதுகொண்டு. "ரெண்டு மூண்டு தரம். டொக்டரிட்டைப் போவம் எண்டனான். 'ஈஸ்வரிக்கு மட்டும் சொல்லாதை, பயந்து போவாள்' எண்டவர். நான் அண்ணைக்கு வாக்குக் குடுத்திட்டன்."

ஈஸ்வரி அவனை ஏசவில்லை. அவனும் அவரைப்போலவே, ஒருவருக்கும் நோகக் கூடாது என்று நினைத்த பிள்ளைதான். குனிந்து, மீனின் சொண்டிலிருந்து ஜிக்கைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, கைப்பைக்குள் வைத்தாள். "எழும்பு தம்பி. சமைக்க வேணும்," என்றாள்.

வீட்டில் அவளே மீனை வெட்டினாள். புளி கரைத்து, வெந்தயம் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தாள். படையலுக்கு வைக்கிறதை ருசி பார்க்கக் கூடாது. படைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். கை வேலை செய்தது, மனம் ஆற்றங்கரையில் நின்றது.

பின்னேரம் படத்துக்கு முன்னால் இலை போட்டுச் சோறும் குழம்பும் பொரியலும் வடையும் படைத்துக் கும்பிட்டார்கள். பிறகு சனம் பந்திக்கு இருந்தது.

"நல்ல குழம்பு, மச்சாள்," என்றாள் பிரியந்தி, தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டு.

"அண்ணைக்கு இது நிறைவா இருந்திருக்கும், அக்கா," என்றான் சாரங்கன். அவனும் தண்ணீர் குடித்தான்.

ஈஸ்வரியின் மகள் ஆர்த்திகா ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. மனதில் உள்ளது வாயில் வந்துவிடும். "அம்மா, த்ரோ சலே! உப்பு ரெண்டு தரம் போட்டிட்டீங்கள்."

பிரியந்தி அவளுடைய தொடையில் கிள்ளினாள். "கதைக்காமல் சாப்பிடு. அம்மா கவலைப்படுவா."

"கிள்ளாதை, பிரியந்தி," என்றாள் ஈஸ்வரி. "அவள் சொல்லட்டும்."

குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. ஒரு பந்திச் சனமும் அதைச் சிரித்த முகத்தோடு விழுங்கியிருக்கிறது. அவர் இருந்திருந்தால் இலையை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, உன்ர கைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருப்பார்.

இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் உடைந்து வந்தது. மகளின் தலையை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "சொல்லு பிள்ளை, என்ன எண்டாலும் எனக்குச் சொல்லு. நோகுது எண்டாலும் சொல்லு," என்று அழுதாள். சனம் சாப்பாட்டில் கை வைத்தபடி இருந்தது.

எல்லாரும் போனபின் படத்துக்கு முன்னால் இருந்த இலையை எடுக்கக் குனிந்தாள். மீன் துண்டு வைத்த இடத்திலேயே கிடந்தது. கைப்பையிலிருந்து ஜிக்கை எடுத்து, மெலிந்த தும்பை விரலால் ஒருமுறை மடக்கி அவருக்குக் காட்டினாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "ஒருக்காச் சொல்லியிருக்கலாமே, அப்பா."