தொரையின் முட்டைகள்

சமையலறையில் டொம்மென்று ஏதோ விழுந்தது. குக்கர் மூடியாக இருக்கும் என்று நினைத்து எழுந்து போனேன். அண்ணனின் ஆமை பிளாஸ்டிக் பேசினுக்கு வெளியே தரையில் கிடந்தது. கிடந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பின்னங்கால்களை மாற்றி மாற்றி டைல்ஸ் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தது. இடது கால், பிறகு வலது கால், மறுபடி இடது. வழுவழுப்பான தரையில் தோண்டுவதற்கு என்ன இருக்கிறது? நகங்கள் கிறீச்சிட்டன. குனிந்து பார்த்தபோதுதான் தரையில் சிவப்பாகக் கோடுகள் இழுபட்டிருப்பது தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் அண்ணன் தலையில் ஷாம்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன பாப்பா, என்ன ஆச்சு?"

"தொரைக்கு என்னமோ ஆயிடுச்சு அண்ணே. கால்ல ரத்தம் வருது."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குவீன்ஸ்டவுனில் தனியாக இருந்தார். போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு, இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் புக்கிட் பாத்தோக்கில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் கணவர் காலமாகிவிட்டார், மகன் மெல்பர்னில் இருக்கிறான். இடம் இருந்தது. அண்ணன் இரண்டு பெட்டிகளோடும் ஒரு நீலப் பேசினோடும் வந்து சேர்ந்தார். பேசினுக்குள் ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஆமை. இங்கே பலர் வீட்டில் வளர்க்கும் தண்ணீர் ஆமைதான்.

ஏதோ ஒரு அடுக்குமாடி பிளாக்கில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அண்ணன் பழுதுபார்க்கப் போனபோது, உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் யாரோ அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அப்போது உள்ளங்கையில் அடங்குமாம். "நான் வேர்த்து விறுவிறுத்து வேலை பாக்குறேன், இது தொரை மாதிரி தலையைத் தூக்கிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்பார். அப்படித்தான் தொரை என்று பெயர் வந்தது. அது நடந்து இருபது வருடம் இருக்கும். வளர வளரப் பேசின்தான் மாறியது. ஆண் என்று அண்ணனுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. இவ்வளவு பெரிதாக வளர்ந்தது ஆணாகத்தானே இருக்க முடியும்?

நான் அதைத் தொட்டதே இல்லை. பயம். அண்ணன்தான் தண்ணீர் மாற்றுவார், கங்கோங் கீரையைக் கிள்ளிப் போடுவார். ஒரு வாரமாக அந்தக் கீரையையும் தொரை சீண்டவில்லை. வயசாயிடுச்சு, அதான், என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தரையில் ரத்தத்தைப் பார்த்ததும் தலையைக்கூட அலசாமல் சட்டையை மாட்டினார்.

மிருக வைத்தியசாலையில் இருந்த டாக்டர் நம் தமிழ்ப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, தொரையை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள்.

"அங்கிள், இவரு பையன்னு யார் சொன்னா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆம்பளையா இருந்தா முன்னங்கால் நகம் நீளமா, ஊசி மாதிரி இருக்கும். இங்க பாருங்க, குட்டை. வால் தடிமனா நீளமா இருக்கணும், இது சின்ன வால். அப்புறம் பொண்ணுங்கதான் பெருசா வளருவாங்க. ஆம்பளைங்க சைஸ் சின்னதுதான். ஷீ இஸ் அ கேர்ள், அங்கிள்."

அறுபத்து நான்கு வயதில் ஒருவர் வாயைத் திறந்து மூட மறப்பதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் உண்மையான அதிர்ச்சி அரை மணி நேரம் கழித்து வந்தது. எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டாள் டாக்டர். ஓட்டுக்குள்ளே வெள்ளை வெள்ளையாக, நீள்வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. கட்டிகள் என்றுதான் நினைத்தேன். என் கணவரின் வயிற்றைப் படமெடுத்துக் காட்டியபோதும் இப்படித்தான் ஒரு வெள்ளை நிழலைக் காட்டினார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"முட்டை" என்றாள் டாக்டர்.

"முட்டையா?" என்றார் அண்ணன். மறுபடி, "முட்டையா?" அப்புறம் கொஞ்சம் கோபமாகவே, "அது எப்படி டாக்டர்? இருபது வருஷமா தனியாத்தானே இருக்கு! வேற ஆமையைக் கண்ணால பாத்ததில்ல."

"கோழி மாதிரி அங்கிள். சேவல் இல்லாமலே கோழி முட்டை போடுதில்ல? குஞ்சு வராது, ஆனா முட்டை வரும். இப்ப அதான் பிராப்ளம். போட இடம் கிடைக்காம உள்ளேயே வச்சிருக்கா. மண்ணு வேணும் அவங்களுக்கு. தோண்டி உள்ள போட்டு மூடணும். நீங்க பாத்தது அதான், தரையைத் தோண்டப் பாத்திருக்கா."

தரையிலிருந்த சிவப்புக் கோடுகள் என் கண்முன் வந்து நின்றன.

டாக்டர் அடுத்து ஒரு கேள்வி கேட்டாள். இதற்கு முன் தண்ணீருக்குள் வெள்ளையாக ஏதாவது மிதந்து பார்த்திருக்கிறீர்களா? அண்ணனின் முகம் வெளிறியது. பார்த்திருக்கிறாராம். சில வருடங்கள், வெள்ளைத் தோல் மாதிரித் துண்டு துண்டாக. பேசினில் சுண்ணாம்பு படிந்து உரிகிறது என்று நினைத்துத் தேய்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறார்.

"வேற வழியில்லாம தண்ணியிலேயே போட்டிருப்பா. சில சமயம் அவங்களே தின்னுடுவாங்க" என்றாள் டாக்டர். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை. அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கால்சியம் ஊசி போட்டாள். காலுக்கு மருந்து தடவினாள். தொரையின் ஓடு எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து, ஈரமாக, பெரிய தொட்டியில் வைக்க வேண்டும் என்றாள். யாரும் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது. சில நாளில் வரவில்லையென்றால் முட்டையை வரவைக்கும் ஊசி. அதற்கும் அசையாவிட்டால் ஆபரேஷன். ஆபரேஷன் என்றதும் அண்ணனின் கை தன் நெஞ்சுக்குப் போனது. அங்கே சட்டைக்கு உள்ளே போன வருடத்து ஆபரேஷன் தழும்பு இருந்தது.

டாக்ஸியில் மடிமேல் பேசினை வைத்துக்கொண்டு அண்ணன் ஓட்டைத் தடவி, "மன்னிச்சிரு தொரைசானி" என்றார். சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

வீட்டிலிருந்த எந்தத் தொட்டியும் போதாது. மறுநாள் காலையில் தேக்கா கடைத்தெருவுக்குப் போனோம். பாத்திரக் கடையில் இருந்ததிலேயே பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கீழே இறக்கச் சொன்னார் அண்ணன். இரண்டு கைக்குழந்தைகளைச் சேர்த்துக் குளிப்பாட்டலாம்.

"வீட்ல விசேஷமாக்கா?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

"பிரசவம்" என்றார் அண்ணன்.

கடைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மேலே எதுவும் கேட்காமல் தொட்டியைத் துடைத்துக் கொடுத்தார். டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது அந்தத் தொட்டி கதவில் இடித்து ஒரு சீனப் பாட்டியின் மேல் சாயப் பார்த்தது. அண்ணன் எல்லோரிடமும் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் பிளாக்குக்குக் கீழே உள்ள செடிக் கடையில் மண்ணும் மணலும் வாங்கினோம். அண்ணனைத் தூக்க விடக் கூடாது என்று நான் ஒவ்வொரு பையாக லிஃப்டில் ஏற்றினேன்.

தொட்டியைச் சமையலறை மூலையில் வைத்து, மூன்று பக்கமும் அட்டையால் மறைத்தோம். அன்று தொரை மண்மேல் ஏறி மோந்து பார்த்தாள். ஒரு சுற்று சுற்றினாள். அவ்வளவுதான். அடுத்த நாளும் அப்படியே. அண்ணன் சாப்பிடவில்லை. "ஆபரேஷன்தான் போல பாப்பா" என்று சொல்லிச் சொல்லி என்னையும் உட்காரவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எட்டிப் பார்த்தேன். அட்டை இடுக்கில் ஒரு கண்தான் வைக்க முடிந்தது. அவள் பின்பக்கம் எனக்குத் தெரிந்தது. தோண்டிக்கொண்டிருந்தாள். இப்போது கிறீச்சென்ற சத்தம் இல்லை. மண்ணில் தன் உடம்புத் தண்ணீரை விட்டு இளக்கி, ஒரு காலால் ஒரு பிடி அள்ளி வெளியே வைத்து, மறு காலால் இன்னொரு பிடி. ஜாடி மாதிரி குழி. அப்புறம் அசைவு நின்றது. வெள்ளையாக ஒன்று வந்தது. அது தொப்பென்று விழவில்லை. பின்னங்காலை வளைத்து அதைத் தாங்கி, மெதுவாகக் குழிக்குள் இறக்கினாள்.

என்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். பன்னிரண்டாம் மாடி. இருபது வருடம் பேசின். இதற்கு முன் மண்ணை ஒருநாள்கூட மிதித்ததில்லை. தாய் யாரென்று தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, திரும்பிப் பார்க்காமலே.

வாசலில் காரிடாரில் அண்ணன் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வர மறுத்துவிட்டார்.

"வருதுண்ணே."

"எத்தனை?"

"எண்ணல. வந்து பாரேன்."

"வேணாம் லா. ஆம்பளை எதுக்கு?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

எல்லாவற்றையும் இறக்கி முடித்து, மண்ணைத் தள்ளி மூடி, அடிவயிற்றால் தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் வயிறு காலியாக இருந்தது. அந்த முட்டைகளை என்ன செய்வது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. நானே எடுத்து ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். கனமே இல்லை, காகிதம் மாதிரி.

அதோடு முடியவில்லை. வீடு மாற வேண்டும் என்றாள் டாக்டர். எங்கள் வீடு அல்ல, தொரையின் வீடு. ஓடு முழுகி, அதற்கு மேலும் அவ்வளவு உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். உடம்பைப்போல் பல மடங்கு நீளமான கண்ணாடித் தொட்டி வேண்டும். ஏறிக் காய்வதற்கு ஈரமில்லாத மேடை, அதற்கு மேலே ஆமைகளுக்கென்று விற்கும் விளக்கு. ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்டேன். கண்ணாடி வழியாக வருகிற வெயில் ஓட்டுக்கு வேண்டியதைக் கொடுக்காதாம். மண் தொட்டியும் நிரந்தரமாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரியதை எங்கே வைப்பது? சாப்பாட்டு மேசை இருந்த இடம்தான் சரியாக வந்தது. நான்கு பேர் சாப்பிடும் மேசை, நாங்கள் இருவர். அதை யாருக்கோ கொடுத்துவிட்டேன். அண்ணன் பிவிசி குழாயை அறுத்து ஒட்டி மேடை செய்தார். அங்கிருந்து மண்ணுக்கு இறங்க ஒரு சாய்தளமும் செய்தார். நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

தண்ணீர் நிரப்பி அவளை விடப்போனபோது அவருக்குப் பயம் வந்துவிட்டது. "கணுக்கால் தண்ணியிலேயே இருந்தவ. மூழ்கிட்டா?" சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தூக்கத் தயாராக நின்றார்.

அவள் ஒரு கணம் அப்படியே மிதந்தாள். பிறகு தலையைக் கவிழ்த்து நேரே அடிக்குப் போனாள். நான்கு காலும் விரிய, அந்தப் பக்கக் கண்ணாடி வரை ஒரே இழுப்பு. திரும்பினாள். மறுபடி வந்தாள்.

"பாப்பா! இவளுக்கு நீஞ்சத் தெரியுது பாப்பா!" கத்தியே விட்டார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா என்னவோ ஏதோவென்று கதவைத் தட்டினார்.

கடைசி முறை காட்டப் போனபோது டாக்டர், நன்றாக வைத்திருக்கிறீர்கள், இன்னும் பத்துப் பதினைந்து வருடம் தாராளமாக இருப்பாள், அதற்கு மேலும் இருக்கலாம் என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அண்ணன் முகம் இறுகியது. வீட்டுக்கு வந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"எனக்கப்புறம் நீ பாத்துக்குவியா?"

இப்படி ஒன்றை அவர் இதுவரை வாய்விட்டுக் கேட்டதில்லை. நெஞ்சுவலி வந்த அன்றுகூட என்னைக் கூப்பிடாமல் தானே டாக்ஸி பிடித்துப் போனவர். தட்டைக் கீழே வைத்தேன்.

"எப்படித் தூக்குறதுன்னு காட்டு" என்றேன்.

கை கழுவிவிட்டு வந்து காட்டினார். இரண்டு பக்கமும் பின்கால் ஓரமாகப் பிடிக்க வேண்டும், தலைப்பக்கம் கை போகக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். கால்கள் காற்றில் துடுப்புப் போட்டன, நகம் என் மணிக்கட்டில் கீறியது, தண்ணீர் முழுதும் என் நைட்டியில் ஊற்றியது.

"விட்றாத, விட்றாத" என்றார் அண்ணன்.

"விடல" என்றேன்.