சுருங்கினதுதான் முதலில்

என் மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஸ்டியரிங்கை விட்ட கை சும்மா இருக்குமா? காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டது. அவர் கடைக்குள் நுழைந்தாலே, "இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு" என்று கடைக்காரர் எழுந்துவிடுவார். அதிலும் குடைமிளகாய் என்றால் சோதனை இன்னும் கடுமை. தோல் விறைப்பாக இருக்க வேண்டும், காம்பு பச்சையாக இருக்க வேண்டும், கையில் எடுத்தால் கனக்க வேண்டும். ஒரு கூடையையே கவிழ்த்து நாலைந்து காய் தேற்றுவார்.

வீட்டிலும் சட்டம் உண்டு. கழுவாமல், ஈரம் படாமல், துணியில் சுற்றி பிரிட்ஜின் அடித்தட்டில் வைக்க வேண்டும். எடுக்கும்போது சுருங்கினதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வந்தது வினை. பழசு தீர்வதற்குள் புதுசும் சுருங்கிவிடும். அதற்குள் இவர் அடுத்த பையோடு வந்து நிற்பார். ஊரிலேயே நல்ல குடைமிளகாய் வாங்குகிற வீடு எங்களுடையது. தொங்கிப்போனதைத் தவிர வேறு எதையும் நாங்கள் தின்றதில்லை.

மாமியாருக்கு ஒரே ஆசை. ஒரு காயையாவது புத்தம்புதுசாக நறுக்கென்று கடித்துவிட வேண்டும். அடுத்த வாரம் பல் டாக்டர் அவருடைய முன்பற்களை எடுக்கப்போகிறார்.

"பல்செட்டு வச்சுக் கடிச்சா, அது நான் கடிச்ச மாதிரியா இருக்கும்?" என்று என்னிடம் புலம்பினார்.

எனக்குப் பாவமாக இருந்தது. மாமனாரிடம் சொல்லிப் பார்த்தேன். "உள்ள பழசு கிடக்கேம்மா" என்று கையை விரித்துவிட்டார்.

"அத்தை, பிரிட்ஜுக்குள்ள போனாத்தானே சட்டம்? போறதுக்கு முன்னாடியே மடக்கிடுங்க" என்று தூபம் போட்டது நான்தான்.

மறுநாள் மூவரும் கடைக்குப் போனோம். மாமனார் வெகுநேரம் புரட்டி, சிவப்பாக ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பாத்தியா, எப்படி இருக்குன்னு!" என்று பூரித்தார். மாமியார் அதை வெடுக்கென்று பிடுங்கினார். என் தண்ணீர் பாட்டிலில் கழுவி, ஒரே கடி. சத்தம் கேட்டுக் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

"ஐயையோ, வீட்டுல பழசு இருக்குடி!"

"அதை நீங்க சாப்பிடுங்க."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. குடைமிளகாயில் ஏது காரம்? பிறகு மனசு கேட்காமல், மீதியைக் கணவரின் வாயருகே நீட்டினார்.

மாமனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தி மனைவியைப் பார்த்தார்.

"ஏண்டி, இத்தனை நாளா நான் இவ்வளவு நல்ல காயா வாங்கிட்டு இருந்தேன்?" என்றார்.